வ.உ.சி. செக்கு பொம்மை: கை உடைஞ்சிருக்கு, சுத்தவும் மாட்டேங்குது

வண்ணாரப்பேட்டை 18 | 28.8.2024, இரவு 9.12

செக்கிழுக்கிற வ.உ.சி. கொலு பொம்மை. சும்மா நிக்கிற பொம்மை இல்ல, சுத்துகிற செட்டு. அடியில 28 செ.மீ. சதுரப் பலகை, நாலு மூலையிலயும் கடைஞ்ச கால். நடுவுல அரக்கு ஏத்தின மர உரல், அதுல உலக்கை, உலக்கையில ஒரு தடி. தடியோட ஒரு நுனியில சின்ன மிதிபலகை தொங்குது. அது மேல 19 செ.மீ. உயரத்துல வ.உ.சி., தடியைப் பிடிச்சபடி. தலைப்பாகை, மீசை, அரைக்கால் சட்டை. தடியோட அடுத்த நுனியில ஒரு குட்டித் தட்டு, காலியா இருக்கு. பலகைக்குப் பக்கவாட்டுல ஒரு ஓட்டை. அது வழியா கயிறு வந்திருக்கணும், இப்ப இல்ல.

தள்ளினா கால்வாசிச் சுத்து போயி நிக்குது. வலது கை முழங்கைக்குக் கீழ தனியா வந்துட்டு, உடைஞ்ச வாயில, அதான் கை முறிஞ்ச இடத்துல, துருப்பிடிச்ச கம்பி தெரியுது.

இது மண்ணா, மாவா? எதை வச்சு ஒட்டணும்? அக்டோபர் 3 கொலு. ஒரேயடியா புது பெயிண்ட் அடிச்சிரலாம்னு வீட்டுல சொல்லுதாங்க.

மண்ணும் வண்ணமும் | 28.8.2024, இரவு 10.05

பெயிண்ட் அடிக்காதீங்க. ஒட்டவும் செய்யாதீங்க, இப்போதைக்கு. ஈரத்துணி வச்சுத் துடைக்கவே கூடாது.

முதல்ல என்ன சாமான்னு பாருங்க. நகத்தால அடிப்பக்கத்துல தட்டினா "ணங்"குன்னு கேட்டா சுட்ட மண். "டொக்கு"ன்னு கேட்டா காகிதக்கூழ், இல்லன்னா சுடாத மண். உடைஞ்ச வாயில நிறம் பாருங்க: செங்கல் நிறம்னா சுட்ட மண். வெள்ளையா இருந்து நகம் பட்டாலே மாவு உதிர்ந்தா பிளாஸ்டர். சாம்பல் நிறத்துல நார் நாரா வந்தா கூழ்.

அடுத்தது உடைஞ்ச வாயில ஊசிமுனை அளவு தண்ணி. சுட்ட மண் குடிச்சுட்டு அப்படியே இருக்கும். சுடாத மண் சேறாகும்.

பெயிண்டுக்கு அடியில ஒரு வெள்ளைப் பூச்சு இருக்கும். அதுல ஒரு துகள் எடுத்து வினிகர் விடுங்க. நுரைச்சா சாக், நுரைக்கலன்னா பிளாஸ்டர் வகை. பழைய பொம்மைக்கு சாக் பவுடரை வஜ்ஜிரத்துல (தோலும் எலும்பும் காய்ச்சின பசை) குழைச்சு அடிப்பூச்சு கொடுப்பாங்க. வஜ்ஜிரம் தண்ணியில கரையும். ஈரத்துணியால துடைச்ச பொம்மை ஆறு மாசத்துல செதில் செதிலா உரியறது அதனாலதான். மேல இருக்கிற நிறத்தைப் பார்த்து "இது ஆயில் பெயிண்ட், தாங்கும்"னு நினைக்கிறது. அடியில இருக்கிறது தாங்காது.

சுத்தாததுக்குக் காரணம் மரம் ஈரம் குடிச்சு ஊதியிருக்கும். ரெண்டு நாள் காத்தாட வச்சா சரியாகும்.

கயத்தாறு மைல்கல் | 29.8.2024, காலை 7.30

முகத்தைக் கிட்டக்க ஒரு படம் போடுங்க. புருவம் ஏறி நின்னா அது வ.உ.சி. இல்ல, சிவாஜி.

கடைசல்காரன் | 29.8.2024, காலை 11.48

அக்கா சொன்னதுல மண்ணு விஷயம் பூரா சரி. மர விஷயத்தை நான் மறுக்கேன். ஊதின மரம் கால் சுத்து போயி நிக்காது. மொத்தமாவே இறுகும், எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே இறுக்கமா இருக்கும். ஒரு இடத்துல மட்டும் நிக்குதுன்னா வேற கதை.

தம்பி, பொம்மையைக் கழட்டி வச்சுட்டுச் சுத்திப் பாருங்க. அப்புறம் பலகையைக் கவுத்து அச்சைப் படம் எடுத்துப் போடுங்க.

வண்ணாரப்பேட்டை 18 | 29.8.2024, இரவு 8.20

தட்டினா ணங்குன்னு கேக்கு. உடைஞ்ச வாய் செங்கல் நிறம். வெள்ளைப் பூச்சு வினிகர்ல நுரைக்குது.

மிதிபலகையோட பொம்மையைக் கழட்டினா செக்கு நல்லா சுத்துது அண்ணாச்சி! மாட்டினா நிக்குது. அடியில அச்சு 12 மி.மீ. பருமன். பலகை ஓட்டை வழியா இறங்கி, 4 செ.மீ. கீழ ஒரு குறுக்குச் சட்டத்துல உக்காருது. நடுவுல நூல் சுத்துற உருளை. அச்சுல ஒரே பக்கம் கண்ணாடி மாதிரி பளபளன்னு தேய்ஞ்சிருக்கு. பொம்மை 310 கிராம், மிதிபலகை 40.

கடைசல்காரன் | 30.8.2024, காலை 6.55

கிடைச்சுட்டு. ஒரே பக்கம் தேய்மானம்னா அச்சு சாயுது.

கணக்கைப் பாருங்க. பொம்மையும் மிதிபலகையும் சேர்ந்து 350 கிராம். உலக்கை நடுவுல இருந்து அது எத்தனை செ.மீ. தள்ளி தொங்குதுன்னு நீங்க சொல்லல. படத்தை வச்சு 12னு எடுத்துக்கிடுதேன். 350-ஐ 12-ஆல பெருக்கினா 4200. அந்தச் சாய்வைத் தாங்க அச்சுக்கு இருக்கிறது மேல ஒரு ஓட்டை, 4 செ.மீ. கீழ ஒரு ஓட்டை, அவ்வளவுதான். 4200-ஐ 4-ஆல வகுத்தா ஒவ்வொரு ஓட்டை விளிம்புலயும் ஒரு கிலோவுக்கு மேல பக்கவாட்டு அழுத்தம். மரத்துக்கு மரம் அந்த அழுத்தத்துல உரசினா கடிக்கத்தான் செய்யும். ஓட்டை நாள்பட முட்டை வடிவமாயிரும், மிதிபலகை தாழும், அடிப்பலகை எந்த இடத்துல கொஞ்சம் வளைஞ்சு மேடா இருக்கோ அங்க போயி முட்டும். அதுதான் உங்க கால் சுத்து. பலகையில ஒரு பிறை மாதிரி கீறல் இருக்கான்னு பாருங்க.

ஆக, குறை இருக்கிறது அந்தக் காலித் தட்டுலதான். அது அழகுக்கு வச்சதில்ல, எடைக்கு எடை. தட்டு நடுவுல இருந்து 7 செ.மீ. தூரத்துல இருந்தா 4200-ஐ 7-ஆல வகுங்க: 600 கிராம். அதுல ஏதோ ஒண்ணு இருந்திருக்கு, தொலைஞ்சுட்டு.

கை எப்படி உடைஞ்சதுன்னும் இதுலயே விடை இருக்கு. கயிறு இழுத்துச் சுத்தலன்னா புள்ளைக என்ன செய்யும்? பொம்மையைப் பிடிச்சுத் தள்ளும். தள்ளுற விசை பூரா கை வழியாத்தான் தடிக்குப் போகும். அதனால மரத்தைச் சரி பண்ணாம கையை மட்டும் ஒட்டினா அடுத்த கொலுவுக்குள்ள அதே இடத்துல திரும்ப உடையும்.

கயத்தாறு மைல்கல் | 30.8.2024, காலை 9.10

செக்குன்னா நல்லெண்ணெய் விட்டா சுத்தாதா அண்ணாச்சி?

கடைசல்காரன் | 30.8.2024, மதியம் 1.15

விளையாட்டுக்குக் கேட்டாலும் நிறைய பேரு அதைத்தான் செய்யுதாவ. நல்லெண்ணெய் காத்துல பாதி காயுற எண்ணெய். ஒரு வருசத்துல பிசின் மாதிரி பிடிச்சுக்கும். தேங்காயெண்ணெய் காயாது, ஆனா தூசியைச் சேர்த்து வச்சுக் களிம்பாக்கும். மரத்துக்கு மரம் உரசுற இடத்துல எண்ணெயே வேண்டாம். மெழுகுவத்தியைத் தேய்ங்க, மேல பென்சில் முனையைச் சுரண்டி அந்தக் கரித்தூளைத் தடவுங்க. அதுக்கு முன்னால பழைய பிசுக்கை மூங்கில் குச்சியால சுரண்டி எடுங்க, கத்தி வேண்டாம்.

வண்ணாரப்பேட்டை 18 | 31.8.2024, காலை 10.02

பலகையில பிறைக் கீறல் இருக்கு, நீங்க சொன்ன மாதிரியே. நடுவுல இருந்து 12 செ.மீ. சரி, தட்டு 7 சரி. எப்படி அண்ணாச்சி?

ஒரு தப்பு நடந்துபோச்சு. உரல்ல பிசுக்கா இருந்துச்சேன்னு கை கழுவுற சானிடைசர் தொட்டு ஒரு ஓரத்தைத் துடைச்சாங்க வீட்டுல. சிவப்பு பூரா பஞ்சுல வந்துட்டு. இப்ப அந்த இடம் மங்கலா, தொட்டா ஒட்டுது.

கடைசல்காரன் | 31.8.2024, காலை 10.30

தொடாதீங்க. விரல்ரேகை பதிஞ்சா அப்படியே நின்னுரும். ஒரு நாள் சும்மா விடுங்க, தானா இறுகும்.

அரக்கு ஸ்பிரிட்டுல கரையும். சானிடைசர்ல பெரும்பங்கு ஸ்பிரிட்டுதான். அரக்குச் சாமான் எதுவானாலும், புள்ளைக விளையாடுற மரச் செப்புச் சாமான் உட்பட, ஸ்பிரிட்டும் ஆகாது, சூடும் ஆகாது. கடைசல்ல அரக்கு எப்படி ஏறுதுன்னு பாத்தா புரியும். சுத்துற மரத்துல அரக்குக் குச்சியை அழுத்துவாவ. உரசுற சூட்டுலயே அது இளகி மரத்துல பரவும். பொறவு தாழை மடலை வச்சு அழுத்தினா மினுமினுப்பு வரும். சூட்டுல ஏறினது சூட்டுல இறங்கும். வெயில்ல பூட்டி நிறுத்தின காருக்குள்ள இதை வச்சுரக் கூடாது.

மங்கின இடத்தைச் சரி பண்ண நினைக்காதீங்க. திரும்பக் கடைசல்ல ஏத்தினாத்தான் அந்த மினுமினுப்பு வரும், தூரிகையால பூசினா திட்டா தெரியும். கொலுவுல அந்த ஓரம் பின்பக்கம் போகட்டும்.

மண்ணும் வண்ணமும் | 1.9.2024, மாலை 5.40

மரம் ஊதியிருக்கும்னு நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். தராசு வச்சுப் பேசுறவரோட வாதாட முடியாது.

இப்போ கை. விழுந்து உடைஞ்ச கை இல்ல இது, விழுந்திருந்தா விரலும் சேதமாகியிருக்கும். மண் சுட்ட பிறகு கையில துளை விட்டு இரும்புக் கம்பி செருகி, அதைத் தடியோட கட்டியிருக்காங்க. இரும்பு துருவானா இடம் அதிகமா கேட்கும். உள்ளே இருந்து மண்ணை நெட்டித் தள்ளும். முதல்ல மயிரிழைக் கீறல், அதுல கொலுவுக்குக் கொலு ஈரம், அப்புறம் தள்ளுற தள்ளுல போயிடும். அதனால பழைய கம்பியை உள்ளே விட்டுட்டு மேலே பசை போட்டா பிரயோஜனம் இல்ல.

கம்பியைப் பிடிச்சு இழுக்காதீங்க, மண்ணோட வரும். துருவை ஊசியால சுத்திச் சுரண்டித் தளர்த்துங்க. ஆடினா மெதுவா திருகித் திருகி வெளியே எடுங்க. ஆடலன்னா கையால சுத்துற குட்டித் துளைப்பான்ல 1 மி.மீ. பிட் போட்டு, கம்பியை ஒட்டி நாலு பக்கமும் துருவைத் துளைச்சு எடுக்கணும். மின்சார டிரில் வேண்டவே வேண்டாம். அதிர்வுல மேல்கையும் போகும். புதுசுக்கு 1.5 மி.மீ. பித்தளைக் கம்பி, இல்லன்னா துருப்பிடிக்காத எஃகு. ரெண்டு பக்கமும் 8 மி.மீ. உள்ளே போனா போதும். துளை 2 மி.மீ. இருக்கட்டும், பசைக்கு இடம் வேணும்.

பசைன்னு வந்தா உடனடிப் பசையை மறந்திடுங்க. சுட்ட மண் அதைக் குடிச்சிரும், நகர்த்தி நேராக்க நேரமும் தராது. கோணலா பிடிச்சா கோணல்தான். ரெண்டு டியூப் கலக்கிற எபாக்ஸி பலமா பிடிக்கும், ஆனா திரும்ப எடுக்க முடியாது. வெள்ளைப் பசை நல்லது, வெந்நீர்ல இளகும், ஆனா இங்க வெந்நீர் காட்டினா பெயிண்ட் போகும்.

அருங்காட்சியகத்துல பயன்படுத்துறது பாராலாய்ட் பி-72ன்னு கண்ணாடி மணி மாதிரி வரும் பிசின். இணையத்துல வாங்கலாம். 50 கிராமைத் துணியில முடிச்சா கட்டி, அசிட்டோன் ஊத்தின கண்ணாடி ஜாடியில தொங்கவிட்டு மூடி, மறுநாள் பாருங்க. மொத்தம் 100 மில்லி வர்ற அளவு அசிட்டோன். முடிச்சு கட்டாம உள்ளே கொட்டினா அடியில கட்டியா ஒட்டிக்கும், கரைய நாளாகும். அதுல கொஞ்சம் எடுத்து அஞ்சு மடங்கா நீர்க்க வைங்க. உடைஞ்ச வாய் ரெண்டுலயும் முதல்ல நீர்த்ததைத் தூரிகையால தடவிக் காயவிட்டு, பிறகு கெட்டியானதை வச்சு ஒட்டுங்க. அசிட்டோன் பெயிண்ட் மேல சொட்டக் கூடாது, கொப்புளிக்கும்.

ஒட்டினதும் பொம்மையைச் சாய்ச்சு மணல்ல புதைச்சு வைங்க. கை தன் எடையிலேயே நேரா உக்காரணும். நூல் கட்டி இழுக்கிறது, ரப்பர் பேண்டு போடுறது எல்லாம் பக்கவாட்டுல இழுத்துரும்.

காயல் காத்து | 2.9.2024, காலை 8.15

மணல்னு சொன்னதும் யாரும் நம்ம பக்கத்துச் செம்மணல் தேரிக்குப் போயிராதீங்க. அந்தச் செம்மண் மாவு மாதிரி நைசு, பெயிண்ட்ல பிடிச்சா போகாது, வ.உ.சி. காவி கட்டிருவாரு. எம் சாண்டு முனை கூர்மை, கீறும். ஒரு சட்டி நிறைய கேப்பை எடுங்க. உருண்டை, வழுக்கும், கறை கிடையாது. மேல ஒரு மெல்லிய துணி விரிச்சுட்டுப் புதைங்க.

கடலோரத்துல இருந்து வந்த பொம்மையா இருந்தா இன்னொண்ணு பாக்கணும். உப்பு. காயல், திருச்செந்தூர், தூத்துக்குடி பக்கத்து மண் பொம்மையில வெள்ளையா பூஞ்சை மாதிரி பூக்கும். அது பூஞ்சை இல்ல, நாக்குல வச்சா கரிக்கும் (வைக்காதீங்க, பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம்). ஈரக் காத்துல உப்பு கரைஞ்சு உள்ள போகும், காஞ்ச காத்துல மேல வந்து பூக்கும். பூக்கும்போது பெயிண்டைத் தூக்கிரும். ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வர்றதுதான் கெடுக்குது. மாடியில தகரக் கூரைக்கு அடியில வைக்காம, வீட்டு நடு அறையில உள் அலமாரியில வச்சா பாதி பிரச்சினை தீரும்.

மண்ணும் வண்ணமும் | 2.9.2024, இரவு 11.20

நேத்து எழுதினதைத் திருத்துறேன், ஒட்டிட்டீங்கன்னா என் தப்பு.

பி-72 சுமார் 40 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். குளிர்நாட்டு அருங்காட்சியகத்துல கவலை இல்ல. நம்ம ஊர்ல சித்திரை வைகாசியில பரண் மேல அந்தச் சூடு சர்வ சாதாரணம். எடை தொங்குற மூட்டுல அதை மட்டும் நம்பினா கை மெல்ல மெல்லத் தொங்கிப் போகும். அதனால இப்படி: உடைஞ்ச வாய் ரெண்டுலயும், துளைக்குள்ளேயும் நீர்த்த பி-72 ரெண்டு பூச்சு, ஒரு நாள் காயட்டும். அது தடுப்புச் சுவர். அதுக்கு மேல எபாக்ஸி, கம்பிக்கும் மூட்டுக்கும், கடுகளவு. நாளைக்கு யாராவது பிரிக்கணும்னா அசிட்டோன் காட்டினா தடுப்புப் பூச்சு இளகும், எபாக்ஸியும் அதோட வந்துரும்.

இன்னொண்ணு, கை தடியைத் தாங்கக் கூடாது. புதுக் கம்பியைத் தடியோட முறுக்கிக் கட்டாதீங்க. விரல் தடியைச் சும்மா தொட்டா போதும். எடையை மிதிபலகை சுமக்கட்டும்.

கயத்தாறு மைல்கல் | 5.9.2024, காலை 6.10

இன்னைக்கு செப்டம்பர் 5. 1872-ல ஒட்டப்பிடாரத்துல பொறந்தவரோட பொறந்த நாள். கையில்லாம உக்காந்திருக்காரு உங்க வீட்டுல.

முகப்படம் பாத்தேன். புருவம் ஏறியிருக்கு. 1961-ல வந்த கப்பலோட்டிய தமிழன் படத்துல சிவாஜி செக்கிழுக்கிற காட்சிதான் பொம்மை அச்சுக்காரங்க கண்ணுல நின்னது. கட்டபொம்மனுக்கும் இதே கதை. 1799-ல கயத்தாறுல தூக்குல போட்டவருக்கு யாரு ஓவியம் வரைஞ்சு வச்சா? 1959 படத்துக்குப் பிறகு வந்த பொம்மை எல்லாத்துக்கும் ஒரே முகம், கயத்தாறுல சிவாஜி நிறுவின சிலைக்கும் சேர்த்து. கொலுப்படியில கட்டபொம்மனையும் வ.உ.சி.யையும் பக்கத்துல வச்சா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

தலைப்பாகை சங்கதியும் தப்பு. 1908-ல தண்டனை பெற்று, 1912 கடைசியில கண்ணனூர் சிறையில இருந்து வெளிய வர்ற வரைக்கும் அவர் கைதி. கோயம்புத்தூர் சிறையில செக்கிழுத்தப்போ எந்தக் கைதிக்குத் தலைப்பாகை? ஆனா அதை எடுத்துட்டா பாக்கிறவங்களுக்கு ஆளு யாருன்னு தெரியாது. பொம்மைக்காரர் தெரிஞ்சேதான் விட்டிருக்காரு.

ஆக 1961-க்குப் பிந்தின பொம்மை. தீர்ப்பு முடிஞ்சது.

வண்ணாரப்பேட்டை 18 | 6.9.2024, இரவு 9.00

தீர்ப்பை ஒத்திவைங்க. பலகைக்கு அடியில பென்சில்ல "3-8-0"ன்னு எழுதியிருக்கு. அளவா?

காயல் காத்து | 6.9.2024, இரவு 9.25

விலை. மூணு ரூபா எட்டணா, பை (அணாவுல பன்னெண்டுல ஒரு பங்கு) இல்ல. மூணரை ரூபா. 1957 ஏப்ரல் 1-ல நயா பைசா வந்துட்டு. அப்போ அதுக்கு முந்தின பலகை. கயத்தாறு அண்ணாச்சி மேல்முறையீடு போடலாம்.

கயத்தாறு மைல்கல் | 7.9.2024, காலை 7.00

போடுதேன். சட்டம் மாறின மறுநாளே கடைக்காரர் கை மாறாது. நாலணா, எட்டணான்னு அதுக்கப்புறம் எத்தனை வருசம் சொன்னோம்? பென்சில் கணக்கு பழக்கத்துக்கு எழுதினது. "ந.பை."னு இருந்திருந்தா 1957-க்கும் 1964-க்கும் நடுவுலன்னு அடிச்சுச் சொல்லலாம், 1964-ல "நயா"வை எடுத்துட்டாங்க. அணா எழுத்து ஒண்ணையும் நிரூபிக்காது.

மண்ணும் வண்ணமும் | 9.9.2024, மாலை 6.30

சண்டை எதுக்கு? பலகைக்கும் பொம்மைக்கும் ஒரே வயசுன்னு யார் சொன்னா? ரெண்டையும் தனித்தனியா பாருங்க.

365 நானோமீட்டர் புறஊதா டார்ச் ஒண்ணு வாங்குங்க. 395 வேண்டாம், ஊதா வெளிச்சம் கண்ணைக் கூசி ஒண்ணும் தெரியாது. இருட்டறையில முகத்துல அடிங்க. துத்தநாக வெள்ளைன்னா மஞ்சப் பச்சையா மினுங்கும். டைட்டானியம் வெள்ளை கறுத்துத் தெரியும். அரக்கு வார்னிஷ் ஆரஞ்சா ஒளிரும். பிற்பாடு தொட்டு எழுதின இடமெல்லாம் திட்டுத் திட்டா இருண்டு நிக்கும். டார்ச்சை நேரா கண்ணுல அடிக்காதீங்க, அஞ்சு நிமிசத்துக்கு மேல பெயிண்ட்லயும் அடிக்காதீங்க. அரக்கு மரத்துலயும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க.

வண்ணாரப்பேட்டை 18 | 14.9.2024, இரவு 10.45

டார்ச் வந்துட்டு. பாத்ததை அப்படியே எழுதுதேன்.

முகம் மஞ்சப் பச்சையா மினுங்குது. மீசையும் புருவமும் கறுப்புத் திட்டு. சாதாரண வெளிச்சத்துல ஏறி நிக்கிற புருவத்துக்கு அடியில, மண்ணுலயே செதுக்கின பழைய புருவம் கிட்டத்தட்ட நேரா இருக்கு. ஏத்தி எழுதினது பிற்பாடு.

மரம் பூரா ஆரஞ்சு. ஆனா தடியில, மிதிபலகை தொங்குற இடத்துக்குப் பக்கத்துல, ரெண்டு வட்டம் கொஞ்சம் வேற மாதிரி ஒளிருது. 4 செ.மீ. இடைவெளி, ஒவ்வொண்ணும் 5 மி.மீ. அகலம். விரலால தடவினா தெரியல. ஓட்டையை அடைச்ச மாதிரி. காலித் தட்டுலயும் ஒரு வட்டம், 4 செ.மீ. அகலத்துல, மங்காத சிவப்பு.

கடைசல்காரன் | 15.9.2024, காலை 6.20

ரெண்டு ஓட்டைக்கு நடுவுல ஒரு கழுத்து நுழையும். நுகத்தடி தம்பி அது. அங்க மாடு கட்டியிருந்திருக்கு.

இது வாணியச் செக்கு, கிராமச் செட்டுல வர்றது. மாடு சுத்தும். நிஜச் செக்குல பாரப் பலகையில ஓட்டுற ஆளு உக்காருவாரு, எடைக்கு எடையும் ஆச்சு, ஓட்டினாப்பலயும் ஆச்சு. உங்க தட்டுல இருக்கிற வட்டம் அந்த ஆளு உக்காந்த இடமா இருக்கலாம். மாட்டை எடுத்துட்டு அந்த இடத்துல வ.உ.சி.யை மாட்டியிருக்காவ.

வண்ணாரப்பேட்டை 18 | 15.9.2024, காலை 8.02

வீட்டுல யாராவது மாத்தியிருப்பாங்களோ?

கடைசல்காரன் | 15.9.2024, காலை 8.40

வீட்டுல மாத்தினா மெழுகு வச்சு அடைப்பாவ, இல்லன்னா ஓட்டையை அப்படியே விடுவாவ. இது மரக்குச்சி அடிச்சு, மட்டமா சீவி, மேல அதே சிவப்பு அரக்கை ஏத்தியிருக்கு. தடவினாத் தெரியலன்னா கடைசல்ல போட்டு ஏத்தினது. பட்டறை வேலை.

கயத்தாறு மைல்கல் | 15.9.2024, காலை 9.15

அப்போ செக்குக்கு அணா விலை, ஆளுக்குப் பிந்தின வயசு, புருவத்துக்கு அதுக்கும் பிந்தின வயசு. புருவத்துக்கு மட்டும் என் தீர்ப்பு செல்லும்.

தட்டுல ஓட்டுற ஆளுக்குப் பதிலா ஜெயில் வார்டரை உக்கார வச்சிருப்பாங்களோ?

மண்ணும் வண்ணமும் | 15.9.2024, மதியம் 12.30

தெரியாததைச் செய்து வைக்க வேண்டாம். வார்டர் பொம்மை புதுசா வாங்கி வைக்கிற யோசனை இருந்தா விட்டுடுங்க. ஏத்தின புருவத்தையும் அழிக்காதீங்க, அதுவும் இந்தப் பொம்மைக்கு நடந்ததுதான். அடியில இருக்கிறதை டார்ச் வெளிச்சத்துல படம் எடுத்து, அச்சுப் போட்டுப் பெட்டியில வைங்க.

கடைசல்காரன் | 18.9.2024, இரவு 7.50

எடை பத்தி ரெண்டாவது யோசனை. 600 கிராம் வேண்டாம். சன்னமான கால், அவ்வளவும் சேர்ந்தா அடிப்பலகை இன்னும் வளையும். 400 கிராம் வச்சா 400-ஐ 7-ஆல பெருக்கி 2800. 4200-ல கழிச்சா 1400. ஓட்டைக்கு 350 கிராம் அழுத்தம். முன்ன இருந்ததுல மூணுல ஒரு பங்கு. மெழுகும் கரியும் அதைத் தாங்கும்.

முட்டை வடிவமான ஓட்டைக்கு மரத்தூளும் பசையும் வச்சு அடைக்காதீங்க, உதிர்ந்து உள்ள சிக்கும். பழைய மாட்டுத்தோல் பெல்ட்டுல 1 மி.மீ. தடிமனுக்குச் சீவி, வளையமா உருட்டி உள்ள செருகுங்க. பசை வேண்டாம், இறுக்கத்துலயே நிக்கும்.

கயிறு: பருத்தி முறுக்கு நூல் 1.5 மி.மீ. பம்பரச் சாட்டை தடிமன் ஜாஸ்தி, நைலான் வழுக்கும், அரக்கையும் அறுக்கும். 90 செ.மீ. வெட்டி மெழுகு தடவுங்க.

வண்ணாரப்பேட்டை 18 | 24.9.2024, இரவு 9.35

கை ஒட்டியாச்சு. ரெண்டு நாள் கேப்பைச் சட்டிக்குள்ள இருந்தாரு. தோல் வளையமும் போட்டாச்சு.

தட்டுல ஒரு பித்தளை ஆழாக்கு, உள்ள நட்டு போல்ட்டு போட்டு 400 கிராம். வட்டத்தை மறைக்கலாமான்னு யோசிச்சு, அடியில துணி வச்சிருக்கேன். மிதிபலகை இப்ப அடிப்பலகைக்கு 3 மி.மீ. மேல நிக்குது, முட்டல.

ஆனா கயிறு உள்ள சிக்கிக்குது அண்ணாச்சி. ரெண்டு சுத்து வந்துட்டு நிக்குது.

கடைசல்காரன் | 24.9.2024, இரவு 10.10

என் தப்பு. உருளை எத்தனை அகலம்?

வண்ணாரப்பேட்டை 18 | 24.9.2024, இரவு 10.14

குறுக்க 25 மி.மீ. உயரம் 9 மி.மீ.

கடைசல்காரன் | 24.9.2024, இரவு 10.31

அப்போ ஒரு சுத்துக்கு ஏறக்குறைய 8 செ.மீ. கயிறு. 9 மி.மீ. உயரத்துல 1.5 மி.மீ. நூல் ஒரு அடுக்குல அஞ்சு ஆறு சுத்துதான் பிடிக்கும். 90 செ.மீ. போட்டா மேல அடுக்கு ஏறும், மேல் அடுக்கு கீழ் அடுக்குக்குள்ள புதையும், அங்கதான் சிக்கும். அஞ்சு சுத்துக்கு 40, முடிச்சுக்கு 10, வெளிய பிடிக்க 15. மொத்தம் 65 செ.மீ. வெட்டுங்க. நுனியில ஒரு மரமணி கட்டுங்க, கயிறு உள்ள ஓடிராம இருக்க.

காயல் காத்து | 25.9.2024, காலை 7.45

கொலு முடிஞ்சு கட்டி வைக்கிறப்போ செய்தித்தாள் வேண்டாம், மை ஏறும். பழைய வேட்டி நல்லது, ஆனா கஞ்சி போட்ட வேட்டியா இருந்தா ரெண்டு தடவை அலசிருங்க, கஞ்சிக்குப் புத்தகப்பூச்சி வரும். ரசகற்பூர உருண்டையை அரக்குச் சாமான் பெட்டியில போடாதீங்க. வசம்பு போதும். கையைத் தடியில மாட்டின நிலையில கட்டாதீங்க, மிதிபலகையோட ஆளைத் தனியா கழட்டிப் படுக்க வைங்க.

வண்ணாரப்பேட்டை 18 | 29.9.2024, மாலை 6.05

சுத்துது! ஒரே இழுப்புல அஞ்சு சுத்து. அந்த வேகத்துலயே கயிறு மறுபடி உருளையில ஏறி, மூணரைச் சுத்து திரும்பி வருது. ஒரே ஒரு விஷயம், திரும்பி வர்றப்போ வ.உ.சி. பின்பக்கமா நடக்காரு. அப்படித்தானா, நான் கயிறைத் தப்பா கட்டியிருக்கேனா?

கடைசல்காரன் | 29.9.2024, மாலை 6.40

அப்படித்தான். மாடா இருந்தப்பவும் பின்னாலதான் நடந்திருக்கும். கயிறை வெயில் படுற ஜன்னல் பக்கம் வைக்காதீங்க, மெழுகு இளகி உருளையில பிடிச்சுக்கும்.